டி3 கொடுத்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

‘அக்கா, டி3 கொடுத்தா மாத்திரையை நிறுத்திடலாமாக்கா?’ பையனைத் தெரப்பிக்குக் கூட்டிப்போகும் இடத்தில் வெளியே காத்திருக்கும்போது, ஏதாவது ஒரு அம்மா என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார். டி3 என்பது வைட்டமின் டி-யின் ஒரு வடிவம். மாத்திரை என்பது ஏடிஹெச்டிக்கு, அதாவது கவனம் நிற்காமல், ஓயாத துறுதுறுப்போடு பிள்ளைகள் தவிக்கும் நிலைக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. யாரோ அனுப்பிய வீடியோ ஒன்று போனில் இருக்கும். ஏடிஹெச்டி என்பது மூளையில் இருக்கும் அழற்சி (இன்ஃப்ளமேஷன்), அந்த அழற்சியை வைட்டமின் டி அணைத்துவிடும், டாக்டர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள் என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நிறுத்தக் கூடாது. பதில் அவ்வளவுதான். ஆனால் கேட்கிற அம்மாவின் முகத்தைப் பார்த்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிட மனசு வராது. தினமும் காலையில் பிள்ளைக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற அந்த மாத்திரையைக் கொடுக்கிற எந்த அம்மாவுக்கும் ‘இது இல்லாமல் முடியாதா’ என்ற கேள்வி உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும், எனக்கும் ஓடியது. என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. ஏடிஹெச்டி என்று உறுதியான பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 (ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில்) என்று வந்தது. வீடியோக்காரர் சொல்வது முழுக்கப் பொய்யும் கிடையாது, முழுக்க உண்மையும் கிடையாது என்று தெரிந்ததால்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன், எங்கள் டாக்டரையும் விடாமல் கேள்வி கேட்டேன், அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதில் எது எலும்புக்கு, எது மூளைக்கு, எது வெறும் ஆசை என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்குத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோவில் இருக்கும் உண்மை. வைட்டமின் டி வெறும் எலும்புச் சத்து கிடையாது, உடம்புக்குள் அது ஒரு ஹார்மோன் மாதிரி வேலை செய்கிறது. தோலில் வெயில் பட்டு உருவாகி, கல்லீரலில் ஒருமுறை மாறி, சிறுநீரகத்தில் இன்னொருமுறை மாறித்தான் முழு வீரியம் பெறுகிறது. அதை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் குடலிலும் எலும்பிலும் மட்டுமல்லாமல் மூளையிலும், நோய் எதிர்ப்பு அணுக்களிலும் இருக்கின்றன. அழற்சியைக் கிளப்பிவிடும் ஐஎல்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற பொருள்கள் அந்த அணுக்களிலிருந்து வருவதை வைட்டமின் டி குறைக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற பொருள் தயாராவதற்குத் தேவையான ஒரு என்சைம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் வேலை செய்வதும் முக்கியமாக டோபமைன் வழியாகத்தான். இத்தனையையும் ஒரே மூச்சில் கேட்டால் யாருக்கும் ‘அப்போ சரிதானே’ என்று தோன்றும். அதோடு, ஆஸ்துமா, எக்ஸிமா மாதிரி ஒவ்வாமைத் தொல்லை உள்ள பிள்ளைகளிடம் ஏடிஹெச்டி கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுவதும் பல நாடுகளின் ஆய்வுகளில் வந்திருக்கிறது. அழற்சிக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஏடிஹெச்டி உள்ளவர்களின் ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகளை அளந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2022-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மற்றவர்களோடு ஒப்பிடும்போது ஐஎல்-6 கூடுதலாக இருந்தது. ஆனால் டிஎன்எஃப் ஆல்ஃபா குறைவாக இருந்தது. ‘மூளை முழுக்க அழற்சி’ என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை. எல்லாமே கொதித்துக்கொண்டிருக்கிறது என்றால் இரண்டும் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? அப்புறம், ரத்தத்தில் அளப்பதை வைத்து மூளைக்குள் என்ன நடக்கிறது என்று நேரடியாகச் சொல்லிவிடவும் முடியாது. சில லேப்களில் ஏடிஹெச்டி பிள்ளைகளுக்கென்று சிஆர்பி (அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்), ஐஎல்-6 எல்லாம் சேர்த்துப் பேக்கேஜ் போடுகிறார்கள். எந்த ரத்தப் பரிசோதனையும் ஏடிஹெச்டியைக் கண்டுபிடிப்பதில்லை, அதன் அளவையும் காட்டுவதில்லை. அந்தப் பணத்தை ஒரு தெரப்பி அமர்வுக்குக் கொடுங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. வைட்டமின் டி குறைவதால் அழற்சி வருகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உடம்பில் அழற்சி வந்தாலே ரத்தத்தில் வைட்டமின் டி அளவு தானாக இறங்கிவிடும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்த ஓரிரு நாளில் சிஆர்பி ஏறுகிறது, வைட்டமின் டி இறங்குகிறது. அந்த இரண்டு நாளில் அவர்கள் வெயிலுக்குப் போகாததால் அவ்வளவு குறைந்துவிடாது. அப்படியென்றால் ஒரு பிள்ளையின் ரிப்போர்ட்டில் டி குறைவாகவும் அழற்சிக் குறியீடு அதிகமாகவும் இருந்தால், எது எதனால் வந்தது? காய்ச்சல், சளி இருக்கும்போது இந்தப் பரிசோதனையை எடுக்க வேண்டாம் என்று எங்கள் டாக்டர் ஏன் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளுக்கு வைட்டமின் டி சராசரியாகக் குறைவு என்பது உண்மை, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகளின் ஒரு நாளைப் பாருங்கள். ரோட்டுக்கு ஓடிவிடுவானோ என்ற பயத்தில் தனியாக வெளியே விட மாட்டோம். அபார்ட்மென்ட் பிள்ளைகள் ஒருதரம் இரண்டுதரம் சேர்த்துக்கொண்டு, அப்புறம் ‘அவன் ரூல்ஸ் ஃபாலோ பண்ண மாட்டேங்கிறான் ஆன்ட்டி’ என்று ஒதுக்கிவிடுவார்கள். மாத்திரை போட்டால் மதியம் பசி எடுக்காது, டிபன் பாக்ஸ் மூடி திறக்காமலே திரும்பி வரும். முட்டையின் மஞ்சள் கருவை எடுத்து வெளியே வைத்துவிடுவான், மீனைக் கண்டால் ஓடுவான். டி குறைவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? குறைவு என்பது ஏடிஹெச்டியின் காரணமாக இல்லாமல் அதன் விளைவாகவும் இருக்கலாம். ஃபின்லாந்தில் செய்த ஒரு ஆய்வு மட்டும் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் தாண்டிப் போகிறது. 1998, 1999 ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளில் ஏடிஹெச்டி உள்ளவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரையும் இல்லாதவர்கள் அதே அளவு பேரையும் எடுத்து, அம்மாக்கள் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கொடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்தத்தில் டி-யை அளந்தார்கள். மிகக் குறைவாக இருந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. முக்கியமான ஆய்வுதான். ஆனால் அது கர்ப்ப காலத்தைப் பற்றியது, ஒன்பது வயதுப் பையனுக்கு இன்று என்ன கொடுப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை. இதைப் படித்துவிட்டு ‘அப்போ நான்தான் காரணமா’ என்று ஒரு அம்மா அழுதார். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏடிஹெச்டியில் பரம்பரையின் பங்கு மிக மிகப் பெரியது, ஒரு சத்துக் குறைவை வைத்து எந்த அம்மாவின் தலையிலும் பழியைப் போட முடியாது.

சரி, கொடுத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? இந்த விஷயத்தில் சோதனைகள் அதிகம் நடந்திருப்பது ஈரானில்தான். அங்கே செய்த ஒரு சோதனையில் 5 முதல் 12 வயது வரையிலான 62 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் மெத்தில்ஃபெனிடேட் உண்டு. பாதிப் பேருக்கு அதோடு தினமும் 2000 ஐயூ (வைட்டமினை அளக்கும் அலகு) வைட்டமின் டி, மீதிப் பேருக்கு மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரை, எட்டு வாரம். இரண்டு கூட்டத்திலும் அறிகுறிகள் நன்றாகவே குறைந்தன, காரணம் மெத்தில்ஃபெனிடேட். டி சேர்த்ததால் வந்த வித்தியாசம் முக்கியமாக ஒரே இடத்தில்தான் தெரிந்தது, சாயங்கால நேரத்து நடத்தையில். அதைப் படித்ததும் எனக்கு உள்ளே ஒரு ஆசை வந்தது. ஐந்தரை, ஆறு மணிக்கு மாத்திரையின் வேகம் இறங்கும்போது வீடு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். ஹோம்வொர்க் நோட்டு ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம், பிள்ளை சோபாவின் கைப்பிடி மேலே. அந்த ஒரு மணி நேரம் கொஞ்சம் லேசாகுமென்றால் எந்த அம்மா வேண்டாமென்பாள்? ஆனால் 62 பேர், எட்டு வாரம், பல அளவுகோல்களில் ஒன்றில் மட்டும் வித்தியாசம். இதை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது.

2019-இல் இப்படிப்பட்ட நான்கு சோதனைகளைச் சேர்த்து, மொத்தம் 256 பிள்ளைகள், ஒரு தொகுப்பாய்வு வந்தது. மெத்தில்ஃபெனிடேட்டோடு சேர்த்துக் கொடுத்தபோது சிறிய முன்னேற்றம் இருந்தது என்றார்கள், ஆதாரத்தின் தரம் குறைவு என்றும் அவர்களே எழுதினார்கள். மருந்தோடு சேர்த்து என்பதை நான்கு முறை படியுங்கள். மருந்துக்குப் பதிலாகக் கொடுத்து நிரூபித்தார்கள் என்று வீடியோவில் சொல்வது இந்தச் சோதனைகளில் இல்லவே இல்லை. டி கொடுத்ததால் பிள்ளைகளுக்கு அழற்சி இறங்கி, அதனால்தான் கவனம் கூடியது என்கிற முழுச் சங்கிலியை இவ்வளவு சின்னச் சோதனைகளால் காட்ட முடியாது.

அழற்சி விஷயத்தில் பெரியவர்களிடம் செய்த ஒரு பெரிய சோதனை இருக்கிறது, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வைட்டல் என்ற பெயரில் 25,871 பேரைச் சேர்த்து, தினமும் 2000 ஐயூ கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். அதில் சுமார் ஆயிரம் பேருக்கு அழற்சிக் குறியீடுகளைத் தனியாக அளந்தார்கள். இரண்டாவது வருடத்தில் சிஆர்பி 19 சதவீதம் குறைவாக இருந்தது. நான்காவது வருடத்தில் அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஐஎல்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா இரண்டிலும் பெரிய மாற்றம் இல்லை. ஆய்வுக்கூடத்துத் தட்டில் அவ்வளவு அழகாக அழற்சியை அடக்குகிற பொருள், நிஜ மனிதர்களுக்குள் போனால் இவ்வளவுதான் செய்கிறது. அதே சோதனையில் தன்னெதிர்ப்பு நோய்கள் (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்கள்) 22 சதவீதம் குறைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, அழற்சி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே தவிர, அது ஒரே திரியில் எரிகிற விளக்கு இல்லை. எந்தத் திரி, எந்த வயது, எந்த நோய் என்று பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் என் பையனுக்கு டி கொடுத்தேன். எலும்புக்காக. 14 என்பது 20-க்குக் கீழே. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் கணக்குப்படி 12-க்குக் கீழே இருந்தால் குறைபாடு, 12 முதல் 20 வரை போதாமை. (வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பயந்துவிடாதீர்கள், பல நாடுகளில் நானோமோல் கணக்கில் போடுவார்கள், நம் 20 அங்கே 50.) நம் நாட்டில் இது அபூர்வமும் இல்லை. 2016 முதல் 2018 வரை மத்திய அரசு நடத்திய பெரிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்கும், 10 முதல் 19 வயது வரை 24 சதவீதம் பேருக்கும் வைட்டமின் டி குறைபாடு இருந்தது. ஏடிஹெச்டி இருக்கிறதோ இல்லையோ, வளரும் பிள்ளையின் எலும்புக்கு இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

‘வெயிலே இல்லாத ஊரா இது, ஏங்கண்ணு, காலைல இளவெயில்ல நிக்க வெச்சா சரியாப் போயிருமே’ என்றார் என் மாமியார். கோயம்புத்தூர்க்காரர், தன் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தவர். வெயில் வேண்டும் என்பதில் அவர் சொல்வது நியாயம்தான், நேரம் மட்டும் மாற வேண்டும். தோலில் வைட்டமின் டி உருவாக யூவி-பி கதிர் வேண்டும், சூரியன் சாய்வாக இருக்கும் காலை ஏழு மணிக்கு அது வெகு குறைவாகத்தான் தரைக்கு வந்து சேர்கிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு, நம்மூரில் ஏறக்குறைய பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் வகுப்பறைக்குள் இருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யூவி-பி வராது, பஸ்ஸிலும் காரிலும் உட்கார்ந்து வாங்கும் வெயில் கணக்கில் சேராது. நம் நிறத்துக்கு வெள்ளைத் தோல்காரர்களைவிடக் கூடுதல் நேரமும் தேவை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு மணிவாக்கில் அரைக்கை, அரைக்கால் டிரௌசரோடு அவனை மாடிக்கு விட்டோம், மாமியார் துணி காயப்போடும்போது கிளிப் எடுத்துக் கொடுக்கிற வேலை அவனுடையது. ஓடியாடுவது ஏடிஹெச்டி பிள்ளைக்குத் தனியாகவே நல்லது, அதற்கு வைட்டமின் டி சாக்கு எதுவும் தேவையில்லை.

இனி மருந்துக் கடையில் கிடைக்கும் பொட்டலம் பற்றி. இதைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு கிராம் பொடி இருக்கும் சின்னப் பாக்கெட், அதில் 60,000 ஐயூ. பாலில் போட்டால் குருணை மாதிரி மேலே மிதக்கும், கொஞ்சம் டம்ளர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், இன்னொரு வாய் பால் ஊற்றிக் கலக்கிக் குடிக்க வைப்பேன். டாக்டர் வாரம் ஒன்று என்று குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார், பிறகு தினசரிக் குறைந்த அளவுக்கு மாற்றினார். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், சீட்டு இல்லாமலே கடையில் கொடுத்துவிடுகிறார்கள், பிள்ளை கொஞ்சம் அமைதியாக இருப்பதுபோல் தோன்றியதும் மாதக்கணக்கில் வாரா வாரம் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 60,000 என்றால் நாளுக்கு 8,500-க்கும் மேல். சாதாரணமாகப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 ஐயூ. 4 முதல் 8 வயது வரை நாளுக்கு 3000, 9 வயதிலிருந்து 4000 என்பதுதான் டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய உச்ச வரம்பு. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது, கூடுதலானது வைட்டமின் சி மாதிரி சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பசியின்மை, சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். பசியின்மைக்கு ஏற்கெனவே ஏடிஹெச்டி மாத்திரை மேல் பழி போட்டுப் பழகிய வீட்டில் இது தெரியாமலே போய்விடும், அதுதான் எனக்குப் பயம். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலும் கவனம் வேண்டும், ஒரு மில்லியில் 400 ஐயூ இருக்கும் பாட்டிலும் உண்டு, 800 இருக்கும் பாட்டிலும் உண்டு, பிராண்ட் மாற்றிக் கொடுத்தால் லேபிளைப் படிக்காமல் அதே அளவை ஊற்றாதீர்கள்.

என் மகனுக்கு அளவு 30-ஐத் தாண்டியது. இரவில் கால் வலிக்கிறது என்று அழுவது குறைந்தது. கவனம்? வகுப்பு ஆசிரியை நிரப்பித் தரும் மதிப்பீட்டுப் படிவத்தை டி கொடுப்பதற்கு முன்னும் பின்னும் வாங்கினோம், டி கொடுக்கிறோம் என்று அவரிடம் சொல்லவில்லை. மதிப்பெண்கள் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தன. ஒரே பிள்ளையை வைத்து எதையும் சொல்ல முடியாது, உங்கள் பிள்ளைக்கு வேறு மாதிரியும் இருக்கலாம். ஆனால் வீட்டில் நமக்குத் தோன்றுவதை மட்டும் நம்பாமல், விஷயம் தெரியாத ஒருவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். நாம் ஆசையோடு பார்க்கிறோம், ஆசையாகப் பார்க்கிற கண்ணுக்குப் பிள்ளை மாறியதாகத்தான் தெரியும்.

டாக்டரிடம் டி பற்றிக் கேட்கும்போது இரும்புச் சத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 2004-இல் பிரான்ஸில் 53 ஏடிஹெச்டி பிள்ளைகளிடம் பார்த்தபோது 84 சதவீதம் பேருக்கு ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு) 30-க்குக் கீழே இருந்தது, ஒப்பீட்டுக்கு எடுத்த பிள்ளைகளில் அது 18 சதவீதம்தான். ரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும் நம் நாட்டில் எல்லோரும் டி-யைப் பற்றியே பேசுகிறார்கள், ஃபெரிட்டினைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ஃபெரிட்டினும் அழற்சி இருந்தால் ஏறிக் காட்டும், அதையும் சளி காய்ச்சல் இல்லாதபோதுதான் எடுக்க வேண்டும். இதிலும் குறைவு இருந்தால் சரிசெய்ய வேண்டும், இல்லாதவருக்குத் திணிக்கக் கூடாது.

என்ன வேலை செய்கிறது என்பதற்கு நம்மிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. 1999-இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில் 7 முதல் 9 வயது வரையிலான 579 பிள்ளைகளை 14 மாதம் பார்த்தார்கள். கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்தும், மருந்தோடு நடத்தைப் பயிற்சி சேர்ந்ததும், முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் மற்ற வழிகளைவிட முன்னால் இருந்தன. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சி, ஆறு வயதுக்கு மேல் மருந்தும் பயிற்சியும் சேர்த்து என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2019-இல் சொன்னது. பயிற்சி என்றால் பெரிய வார்த்தை மாதிரி இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்வது, சொல்லும்போது பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுச் சொல்வது, செய்து முடித்ததும் அங்கேயே பாராட்டுவது, இதையெல்லாம் அப்பா, அம்மா, பாட்டி மூன்று பேரும் ஒரே மாதிரி செய்வது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒன்றாம் வகுப்பில் கண்டுபிடித்த பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு வரை பொடி, எண்ணெய், டி3, மெக்னீசியம் என்றே ஓட்டினார்கள். மருந்து என்றால் பயம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் அந்தப் பெண் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை, தனக்கு ஒன்றும் வராது என்று நம்பத் தொடங்கிவிட்டாள். இப்போது தெரப்பியோடு சேர்த்து அதையும் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். டி3 அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதற்காகக் காத்திருந்த காலம்தான் செய்தது.

அதனால் அந்த வீடியோவோடு வருகிற தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். டி அளவு பார்க்க வேண்டுமா என்று உங்கள் டாக்டரையே கேளுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் சும்மா பார்க்கத் தேவையில்லை, ஆனால் வெளியே போகாத, சரியாகச் சாப்பிடாத, கால் வலி சொல்கிற பிள்ளை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். குறைவு என்றால் எவ்வளவு, எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது, மறுபடி எப்போது பார்ப்பது என்ற நான்கையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். காலை மாத்திரையை நிறுத்துவது பற்றி யோசனை இருந்தால் அதையும் அதே டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், சாயங்காலத்துக்கு ஏதாவது வழி பார்க்கலாம், அவரிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கும்.